செய்தி நீங்கிய கருப்பொருள்: பூங்கா அமைக்கும் கணினி விளையாட்டுக்களிற் பொதுப்பொறியும் கருப்பொருட்பொறியும்

‘கருப்பொருள்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்பவற்றை ஒன்றாக வைக்கின்றார். இவற்றுட் ‘செய்தி’ என்பது அந்நிலத்து மக்களின் தொழில் என உரைகாரர் விளக்குவர். இன்று அதே சொல் முற்றிலும் வேறொரு துறையிலும் வழங்குகின்றது. டிஸ்னிலாந்து போன்ற கேளிக்கை நிலையங்களைக் ‘கருப்பொருட் பூங்கா’ என்கின்றோம். தொல்காப்பியத்தை மனத்திற் கொண்டு எவரும் இச்சொல்லைத் தெரிந்தெடுத்திருப்பார் எனத் தோன்றவில்லை. ஆயினும் இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. பூங்காவின் கருப்பொருளில் தெய்வம் உண்டு. விலங்கும் மரமும் புள்ளும் பறையும் உண்டு. உணவும் விலைக்கு உண்டு. செய்தி மட்டும் இல்லை. அவ்வின்மையே எமது ஆய்வுப்பொருள்.

இப்பொருளை நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் நூலகத்தில் எழுந்ததன்று. கொழும்புத்துறையில் எமக்கு அறிமுகமான ஒரு வீட்டில், க.பொ.த. உயர்தரம் படிக்கும் சகோதரர் இருவர் பழைய கணினியொன்றிற் பூங்கா அமைத்து விளையாடுவதைப் பல மாலைகள் பார்த்திருந்தோம். அவர்களுக்கிடையே அடிக்கடி ஒரு வாதம் எழும். இளையவன், உருவமும் அலங்காரமும் முன்னரே பூட்டப்பட்ட பொறிகளை விரும்பினான். பேய்வீடு என்றால் அது பேய்வீடாகவே வரவேண்டும் என்பது அவன் கட்சி. மூத்தவனோ அலங்காரம் எதுவுமற்ற வெறும் பொறியையே தேடினான். ‘உதிலை அவன்ரை சாமானெல்லாம் ஏற்கனவே இருக்கு, நாங்கள் எதை வைக்கிறது?’ என்பது அவன் கேள்வி. இவ்விளையாட்டுக்களில் ஈடுபடுவோர் உலகெங்கும் இதே வாதத்தை நிகழ்த்தி வருகின்றனர். பெரும்பாலும் அது சுவைபற்றிய வேறுபாடாகவே கொள்ளப்படுகின்றது. எமது கருத்தில் அது உருவம், உள்ளடக்கம் பற்றியதும், அதற்கும் அடியில் உழைப்புப் பற்றியதுமான ஒரு பிரச்சினையாகும்.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. ஏறியமர்ந்து ஆடியும் சுழன்றும் பாய்ந்தும் மகிழ்தற்குரிய இயந்திரத்தைத் தமிழகத்தார் ‘சவாரி’ என்பர். யாழ்ப்பாணத்திற் சவாரி என்றவுடன் மாட்டுவண்டியே மனத்தில் ஓடும். எனவே நாம் ‘பொறி’ என்ற சொல்லையே ஆளுகின்றோம். எச்சூழலிலும் வைக்கத்தக்கதாக, தனக்கென ஒரு கதையைச் சுமக்காது நிற்பது பொதுப்பொறி. குறித்த ஒரு கதையையோ நாட்டையோ காலத்தையோ உருவிலேயே பொறித்து வருவது கருப்பொருட்பொறி.

இவ்விளையாட்டு வகையின் வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். புல்ஃபிரொக் நிறுவனம் 1994இல் வெளியிட்ட ‘தீம் பார்க்’ இதன் முன்னோடி. 1999இல் கிறிஸ் சோயர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர், பெரும்பகுதி நிரலையும் தாமே பொறிமொழிக்கு மிக அணுக்கமான அசெம்பிளி மொழியில் எழுதி, ‘ரோலர்கோஸ்ரர் ரைக்கூன்’ விளையாட்டை உருவாக்கினார். அதன் இரண்டாம் பாகம் 2002இலும் மூன்றாம் பாகம் 2004இலும் வந்தன. மூன்றாம் பாகத்தை ஆக்கிய ஃபுறொன்ரியர் நிறுவனம் 2016இல் ‘பிளானற் கோஸ்ரர்’ விளையாட்டையும் 2024இல் அதன் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. புதியவற்றை இயக்க விலையுயர்ந்த கணினி வேண்டும். கொழும்புத்துறை வீட்டில் ஓடியது 2002ஆம் ஆண்டு விளையாட்டே. அதனை ஆர்வலர் பலர் கூடி மீளாக்கம் செய்து, 2014 முதல் ‘ஓப்பின் ஆர்சிரி 2’ என்ற பெயரில் மூலநிரலோடு திறந்து வைத்துள்ளனர். இத்திறப்பு எமது ஆய்வுக்குப் பேருதவியாயிற்று. ஒரு பண்பாட்டுப் பண்டம் தன் மதிப்பீட்டு அளவுகோல்களை எண்களாகவே வெளிக்காட்டும் வாய்ப்பு இலக்கியத் திறனாய்வாளனுக்கு எளிதில் வாய்ப்பதன்று.

அவ்வளவுகோல் யாது? ஒவ்வொரு பொறிக்கும் கிளர்ச்சி, உக்கிரம், குமட்டல் என மூன்று மதிப்பெண்கள் தரப்படுகின்றன. கிளர்ச்சி மதிப்பெண்ணைக் கூட்டும் காரணிகளுட் சுற்றியுள்ள அலங்காரமும் ஒன்று. அதைக் கணிக்கும் முறை வருமாறு: பொறியின் நிலையத்தைச் சுற்றி ஒவ்வொரு புறமும் ஐந்து கட்டங்கள் வரை உள்ள மரங்கள், சிலைகள், தூண்கள், கட்டட உறுப்புக்கள் ஆகியன எண்ணப்படுகின்றன. அவ்வெண்ணிக்கை 47ஐத் தாண்டினால் அப்பாற்பட்டவை கணக்கிற் சேர்வதில்லை. அவ்வளவே. எகிப்தியப் பொறியைச் சூழ எகிப்தியச் சிலைகள் உள்ளனவா, செவ்வாய்க் கிரகத்துப் பாறைகள் உள்ளனவா என நிரல் கேட்பதில்லை. ஸ்பிங்ஸ் சிலை ஒன்று. வேப்பமரத்தை ஒத்த ஏதோவொரு மரம் ஒன்று. உரோமானியத் தூண் ஒன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு.

விளையாடுபவன் நாள்தோறும் உழைத்து இழைக்கும் கருப்பொருள், கணிப்பொறியின் பார்வையிற் பொருளற்ற வெறும் எண்ணிக்கையாக ஒடுங்குகின்றது. பண்டங்களின் பண்பு வேறுபாடுகள் யாவும் பரிமாற்றத்தில் அழிந்து அளவு வேறுபாடாக மட்டும் எஞ்சுவதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தின் தொடக்கத்திலேயே விளக்கினார். அவ்விளக்கத்துக்கு இதனினும் அப்பட்டமான உதாரணத்தை நாம் கண்டதில்லை. கணக்கு இத்துடன் நிற்பதுமில்லை. கிளர்ச்சியும் ஏனைய மதிப்பெண்களும் சேர்ந்து பொறியின் பெறுமதியை நிர்ணயிக்கின்றன. அப்பெறுமதி எவ்வளவோ அவ்வளவுக்கே பார்வையாளன் சீட்டு வாங்கச் சம்மதிக்கின்றான். பொறி பழையதாக ஆகப் பெறுமதி வீழும். ஆகவே மரமும் சிலையும் ஈற்றிற் சீட்டு விலையின் உறுப்புக்கள். ‘பிளானற் கோஸ்ரர்’ விளையாட்டில் இது இன்னும் நுண்மையாக்கப்பட்டு, மக்கள் காத்துநிற்கும் வரிசைக்கும் அலங்கார மதிப்பீடு வழங்கப்படுகின்றது. காத்திருத்தலின் சலிப்பை மறைக்கும் திரையாகக் கருப்பொருள் அங்கே வெளிப்படையாகவே தொழிற்படுகின்றது. கேளிக்கையானது உழைப்பின் நீட்சியே என அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் பண்பாட்டுக் கைத்தொழில் பற்றிக் கூறியது சற்று மிகைப்பட்டதென நாம் கருதிவந்ததுண்டு. அலங்கரித்த வரிசையைக் கண்டபின் அவ்வளவு உறுதியாக அதனைச் சொல்ல இயலவில்லை.

பூங்காவில் உழைப்பவர் நிலை யாது என்பதையும் நோக்குதல் வேண்டும். 2002ஆம் ஆண்டு விளையாட்டில் நால்வகைப் பணியாளர் உளர்: துப்புரவாளருக்கு மாதம் 50, இயந்திரம் திருத்துநருக்கு 80, காவலாளிக்கு 60, வேடமணிந்து மகிழ்விப்பவருக்கு 55 நாணயங்கள். அவர்கள் கூலி உயர்வு கேட்பதில்லை. எத்தனை ஆண்டு உழைப்பினும் அதே தொகைதான். 1994ஆம் ஆண்டு ‘தீம் பார்க்’ விளையாட்டிலோ பணியாளரோடு கூலிப் பேச்சுவார்த்தை நடத்தல் வேண்டும். அது முறிந்தால் வேலைநிறுத்தம். ஐந்தாண்டு கழித்து வந்த புகழ்பெற்ற விளையாட்டில் இவ்வமிசம் இல்லாமற் போயிற்று. இதனைச் சோயரின் தனிப்பட்ட அரசியலாக நாம் விளக்கவில்லை. அவருக்கு ரோலர் கோஸ்ரர்களில் இருந்த காதல் தொழிற்சங்கங்களில் இல்லாதிருந்திருக்கலாம். எனினும் பின்வந்த தலைமுறை ‘பூங்கா’ என்று கற்றுக்கொண்டது வேலைநிறுத்தமற்ற பூங்காவையே.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நால்வருள் வேடமணிபவர் ஒருவரே கருப்பொருளுக்குள் வருபவர். கரடி, புலி, யானை, உரோமவீரன், விண்வெளிவீரன் என விளையாடுபவன் அவருக்கு உடை தெரிவுசெய்யலாம். உழைப்பாளி கண்ணுக்குத் தெரியவேண்டுமெனின் அவன் விலங்காகவோ வீரனாகவோ மாறவேண்டும். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வீ.ஜீ.பீ. பூங்காவின் வாயிலில், அரண்மனைக் காவலனின் உடையில் அசையாது நிற்கும் ‘சிலை மனிதனை’ இவ்விடத்து நினைவுகூரலாம். அவரைச் சிரிக்கவைக்க முயல்வது அங்கு செல்வோரின் பொழுதுபோக்கு. மணிக்கணக்கில் நிற்பதாகிய கடும் உழைப்பு, அசையாமை என்ற காட்சியாக மாறி, உழைப்பென்ற தன் அடையாளத்தை இழந்துவிடுகின்றது.

இனிப் பொதுப்பொறிக்கு வருவோம். அது எக்கதையும் அற்ற தூய வடிவம் என்று கொள்ளுதல் தவறு. ரோலர் கோஸ்ரரின் முன்வரலாறு இதனைத் தெளிவாக்கும். பென்சில்வேனியாவின் மோச் சங்க் மலையிலிருந்து நிலக்கரியைக் கால்வாய்க்கு இறக்குவதற்கு 1827இல் ஓர் இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. நிலக்கரி ஏற்றிய வண்டிகள் தம் பாரத்தினாலேயே சரிந்து இறங்கின. வெறும் வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மீள மேலே இழுத்தன. அப்பாதையின் நிலக்கரிப் பயன்பாடு ஒழிந்ததும், 1870களில் அது உல்லாசப் பயணிகளின் களிப்புப் பாதையாயிற்று. அதனால் உந்தப்பெற்றே லமார்க்கஸ் தொம்சன் 1884இல் கோனி தீவில் ஐந்து சதக் கட்டணத்துடன் தமது சரிவுப்பாதையைத் திறந்தார். ஆக, பொதுப்பொறியெனப்படுவது செய்தியற்றதன்று, செய்தி மறக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளியின் வண்டியே அதன் மூதாதை.

சுவையான திருப்பம் பின்னரே நிகழ்கின்றது. 1966இல் ரெக்சாஸ் மாநிலத்துப் பூங்காவொன்றில் ‘கட்டவிழ்ந்தோடும் சுரங்க வண்டி’ என்ற கருப்பொருளுடன் ஒரு கோஸ்ரர் திறக்கப்பட்டது. மரத்தாங்கிகள், சுரங்க வாயில், துருவேறிய பெட்டிகள் ஆகியன அதன் அலங்காரம். அவ்வகை பரவி, கணினி விளையாட்டிலும் சுரங்கக் கருப்பொருளாக இடம்பெற்றது. எந்த உழைப்பிலிருந்து இப்பொறி பிறந்ததோ அவ்வுழைப்பு முதலில் அகற்றப்பட்டு, எண்பது ஆண்டுகளின் பின் மரப்பலகையும் விளக்குமாக, வேடிக்கையாக, அதே பொறியின்மேல் ஒட்டப்படுகின்றது. மரபுத் திறனாய்வாளர் இதனை வளர்ச்சி என்பர். சுரங்கத்தில் இறந்தவர் அந்த அலங்காரத்தில் இல்லை என்பதை நாம் குறிப்பிடுதல் அவசியம்.

பொதுப்பொறியும் கருப்பொருளும் முதன்முதலில் அருகருகே பெருமளவில் நின்ற இடம் 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சி எனலாம். அங்கே ஜோர்ஜ் ஃபெரிஸ் அமைத்த 264 அடி உயரமான இராட்டினம் ஒருபுறம். அதன் அடியில் ‘கெய்ரோ வீதி’ முதலிய, பிறநாட்டு மக்களையே காட்சியாக்கிய கடைத்தெரு மறுபுறம். இராட்டினம் மேற்குலகப் பொறியியலின் வெற்றியாகக் கதையின்றி நின்றது. கதையெல்லாம் கீழே இருந்த குடியேற்ற நாட்டு மக்களின் உடம்பில் ஏற்றப்பட்டது. இந்த ஏற்பாடு பின்வந்த பூங்காக்களின் இலக்கணமாயிற்று என நாம் கருதுகின்றோம். இலங்கையும் இதற்குப் புறம்பன்று. 1880களிலேயே ஜேர்மனியரான கார்ல் ஹாகன்பெக் இலங்கையிலிருந்து மனிதரையும் யானைகளையும் கொண்டுசென்று ஐரோப்பிய நகரங்களிற் காட்டினார். சிக்காகோவில் இலங்கைக்கெனச் சிற்ப வேலைப்பாடமைந்த மண்டபமே இருந்தது; இலங்கைத் தேயிலை அங்கே விளம்பரஞ் செய்யப்பட்டது. கொழுந்து பறித்த மலையகத் தமிழ்த் தொழிலாளியின் வாழ்வு அக்காட்சிக்குப் பொருளாகவில்லை. உணவு உண்டு, செய்தி இல்லை.

இவ்வழியிலேயே 1955இற் டிஸ்னிலாந்தின் ‘வனப் படகுப் பயணம்’ ஆபிரிக்க மக்களைத் தலைவெட்டுவோராகவும் காட்டுமிராண்டிகளாகவும் சித்திரித்தது. அவ்வுருவங்களை மாற்றப்போவதாக நிறுவனம் அறிவிக்க 2021 வரை சென்றது. சிலி நாட்டில் 1971இற் டொர்ஃப்மனும் மற்றெலார்ட்டும் டொனால்ட் டக் சித்திரக்கதைகளை ஆராய்ந்து, அவ்வுலகில் எவரும் எதையும் உற்பத்தி செய்வதில்லை என்று காட்டினர். செல்வம் அங்கே எப்போதும் புதையலாகக் கிடைக்கின்றது. அதைக் கையளிப்பவர் குழந்தையுள்ளம் படைத்த ‘சுதேசிகள்’. கருப்பொருட் பூங்கா அச்சித்திரக்கதையின் முப்பரிமாண வடிவமே.

கணினி விளையாட்டு இம்மரபை எவ்வாறு ஏற்றுக்கொண்டது? 2003இல் வெளியான ‘வாக்கி வேர்ல்ட்ஸ்’ என்ற இணைப்புத் தொகுதி கண்டங்கள்தோறும் கருப்பொருள்களை வழங்கியது. இந்தியாவுக்கு அதிற் கிடைத்த பங்கு மகாராசாவின் அரண்மனை. பெருந்திரளான உள்ளூர் மக்களுக்குக் கேளிக்கை வழங்குமாறு மகாராசா ஆணையிடுகின்றார்; அரண்மனையை ஒத்த பூங்காவை விளையாடுபவன் கட்டித்தரவேண்டும். சுதந்திரம் பெற்று ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்த ஒரு நாட்டுக்கு வழங்கப்பட்ட அடையாளம் இது. இத்தொகுதியிலும் அதே ஆண்டு வந்த ‘ரைம் ருவிஸ்ரர்’ தொகுதியிலும் புதியன எனத் தரப்பட்ட பொறிகளிற் பெரும்பாலானவை, பழைய பொறிகளுக்கு வேறு மேற்றோல் போர்த்தியவையே என்பதும் கவனிக்கத்தக்கது. 2019இற் ‘பிளானற் கோஸ்ரர்’ விளையாட்டுக்கு வந்த உலகக் கண்காட்சித் தொகுதி பத்து நாடுகளைக் கருப்பொருளாக்கியது. சீனா, யப்பான், மெக்சிக்கோ, மொறோக்கோ ஆகியனவும் ஐரோப்பிய நாடுகள் ஐந்தும் அமெரிக்காவும் அவை. தென்னாசியா அதில் இல்லை. இல்லாமையைக் குறையாகச் சொல்ல நாம் விரும்பவில்லை. இருந்திருந்தால் மீண்டும் அரண்மனையே கிடைத்திருக்கும். கருப்பொருள் தனிவிலைக்கு விற்கப்படும் பண்டமாயிற்று என்பதே முக்கியம்.

ஈழத்து இலக்கிய வாசகர்க்கு இப்பிரச்சினை அந்நியமானதன்று. 1950களில் ‘மண்வாசனை’ என்ற குரல் எழுந்தது. தமிழகச் சஞ்சிகைகளின் சென்னைக் கடற்கரைக்குப் பதிலாக எமது ஊர்களும் பேச்சுமொழியும் கதைகளில் வரவேண்டும் என்ற அக்குரல் தன் காலத்தில் முற்போக்கானது. ஆயின் விரைவிலேயே அதன் வரையறை வெளிப்பட்டது. கதை மாந்தர் நல்லூரையும் பனங்கூடலையும் பெயர் சொல்லி, ‘என்ன காணும்’ என்று பேசினாற் போதும், அது ஈழத்து இலக்கியம் என்ற நிலை தோன்றியது. 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினர் பின்னர் ‘தேசிய இலக்கியம்’ என்ற கோட்பாட்டை முன்வைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம். கைலாசபதி முதலியோர் வலியுறுத்தியது, ஊர்ப்பெயரையன்று. ஊரில் யார் உழைக்கின்றார், யார் உண்கின்றார் என்னும் உறவுகளை. மேலோட்டமான மண்வாசனை, பூங்கா மொழியிற் கூறின், பழைய பொறிக்குப் போர்த்திய மேற்றோலாகும். சிவத்தம்பி 1974இல் ‘சோஷல் சயன்ரிஸ்ற்’ சஞ்சிகையில் எழுதிய திணைக்கோட்பாடு பற்றிய ஆய்வும் இவ்விடத்துப் பொருந்தும். திணைகளை அழகிய நிலக்காட்சிகளாகக் காணாது, சமனற்ற பொருளாதார வளர்ச்சி நிலைகளாக அவர் கண்டார். அதாவது கருப்பொருட் பட்டியலிற் செய்தியை மையத்துக்குக் கொண்டுவந்தார்.

எனின், எமது மரபிற் செய்தியோடு கூடிய கருப்பொருட்பொறி உண்டா என்று கேட்கலாம். கோயில் வாகனங்களை உதாரணங் காட்டுவர் சிலர். தண்டும் தாங்கியும் ஏறத்தாழ ஒன்றே. மேலே அமர்வது ஒருநாள் மயில், ஒருநாள் இடபம், ஒருநாள் குதிரை. விளையாட்டின் மொழியில் ஒரே பொறிக்குப் பல உருவங்கள். ஆயினும் தச்சனின் கைவினையும் சுமப்பவர் தோளும் அங்கே மறைவதில்லை, சுமப்பதே திருவிழாவாகின்றது. இவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆனால் யாருடைய தோள், யாருடைய கை என்ற வினாவை எழுப்பாது இதனைப் போற்றுதல் எம்மால் இயலாது. 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாயிலில் நிகழ்ந்தது வாசகர் அறிந்ததே. அரை நூற்றாண்டு கழித்து, 2018இல், தென்மராட்சியின் வரணிப் பகுதியிலுள்ள கோயிலொன்றிற் தேரை மண் அகழும் இயந்திரத்தாற் கட்டி இழுத்த படங்கள் வெளிவந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே இவ்வாறு செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எமக்கு இவ்விளையாட்டே நினைவுக்கு வந்தது. தேரின் கருப்பொருள் அணுவளவும் குறையவில்லை. சிற்பமும் சீலையும் குடையும் முறைப்படி இருந்தன. இழுக்கும் மனிதர் மட்டும் அகற்றப்பட்டு அவ்விடத்திற் பொதுப்பொறி பூட்டப்பட்டிருந்தது. செய்தியை விட்டுக் கருப்பொருளைக் காத்தல் டிஸ்னியின் கண்டுபிடிப்பன்று.

இதனையொத்த இன்னொன்றையும் கூறாதிருக்க இயலாது. 2009இற் போர் முடிந்தபின் வன்னிநிலம் உல்லாசப் பயணிகளின் காட்சிப்பொருளாயிற்று. புதுக்குடியிருப்பிற் கைப்பற்றப்பட்ட படகுகளும் ஆயுதங்களும் வரிசையாக வைக்கப்பட்டன. நிலக்கீழ் வதிவிடமொன்று பேருந்துகளில் வந்தோருக்குத் திறந்துவிடப்பட்டு, 2013இற் தகர்க்கப்பட்டது. அங்கே பயிர் செய்தவரும் மீன் பிடித்தவரும் முகாம்களிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர்கள் நிலம் பிறருக்குக் கருப்பொருளாகிவிட்டது. வாழ்வோர் தமது நிலத்தைத் தாமே ஒழுங்குபடுத்திக் காட்டும் உரிமை விளையாட்டுக்குரிய சிறு விடயமன்று என்பதை இதனாலேயே வற்புறுத்துகின்றோம்.

இப்பின்னணியிற் கொழும்புத்துறைச் சகோதரரின் வாதத்துக்கு மீள்வோம். மூத்தவன் பொதுப்பொறியை நாடியது சுவைக்காக அன்று. அவன் தன் ஊரை அமைக்க முயன்றான். பூட்டிவந்த கருப்பொருள் எதிலும் அவனது ஊர் இல்லை. கதையற்ற பொறியே அவனுக்கு இடம் விட்டது. இக்காரணத்தால், மேலே கூறிய குறைகள் அனைத்தையும் மனங்கொண்டும், எமது தெரிவு பொதுப்பொறியே. அது விடுதலையைத் தருவதன்று. ஆனால் பிறர் எழுதிய கதையை அழித்துவிட்டுத் தொடங்கவேண்டிய வேலையை மிச்சப்படுத்துகின்றது. கருப்பொருட்பொறியே முழுமையான கலை, பொதுப்பொறி வெறும் இயந்திரம் என வாதிடுவோர், யாருடைய முழுமை என்று தம்மைக் கேட்பதில்லை.

அவன் வெற்றி பெற்றான் என்று கூற முடியாது. பனையைத் தேடி, ஈச்சையையும் தென்னையையும் ஒத்த மரங்களையே கண்டான். கடனீரேரியை அமைத்தல் எளிதாயிருந்தது. களங்கட்டிக்கு ஏற்ற பொருள் இல்லை, வேலித்துண்டுகளை நீரோரத்தில் வளைத்து நட்டான். வெளியுலகம் கொழும்புத்துறையை யோகர் சுவாமிகள் வாழ்ந்த கொட்டிலாலேயே அறியும். இளையவன் அதற்கொரு குடிலை முதலில் வைத்தான். தெய்வத்தை முதலிலும் தொழிலைப் பின்னரும் வைக்கும் இவ்வொழுங்கு நாம் எல்லோரும் பழகியதே, அவனைக் குறைகூற ஒன்றுமில்லை. மூத்தவன் துறையைக் கட்டினான். இறங்குதுறையிலிருந்து பூநகரிக் கரைக்கு வள்ளங்கள் சென்ற காலத்தை அவன் கண்டதில்லை. அதைச் சொன்னவர் அவர்களுடைய அம்மம்மா. 2011இற் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரிக்குத் தரைவழி உண்டு. வள்ளத்தின் தேவை இல்லை.

பயணத்துக்கு அவன் தெரிந்தது வாடகைப் படகு. விளையாட்டிலுள்ள மிக எளிய பொதுப்பொறிகளுள் அது ஒன்று. ஏறியவரே துடுப்பு வலிப்பர். அதனாலேயே அது எமக்கும் பொருத்தமாகத் தோன்றியது: உழைப்பை மறைக்காத பொறி. படகுகள் நீரிற் பரந்தன. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி சிறிது நேரம் கழித்து, ‘உது அக்கரைக்குப் போகாதோ மோனை?’ என்று கேட்டார். போகவில்லை. வாடகைப் படகில் ஏறியவர் நீரிற் சற்று உலாவிவிட்டு ஏறிய துறைக்கே மீள்வர்; பொறியின் விதி அது. கேளிக்கைப் பொறி புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், போக்குவரத்துப் பொறி வேறிடம் சேர்க்கவேண்டும் என்ற பிரிவினை நிரலில் ஆழமாகப் பதிந்திருக்கின்றது. பொதுப்பொறியும் ஒரு கருத்துநிலையைச் சுமக்கின்றது என்பதை எமது கோட்பாட்டுக் கல்வி கண்டுகொள்ளுமுன் அம்மூதாட்டி கண்டுகொண்டார்.

சகோதரர் இருவரும் அன்றிரவு நீருக்கு மேலாகத் தூண்கள் நட்டுச் சிறு புகையிரதப் பாதையொன்றை அக்கரைக்கு அமைத்தனர். ஏறுபவரை மறு நிலையத்தில் இறக்கிவிடும் வகைகளுட் கையிலிருந்தது அதுவே. அதற்குக் கிளர்ச்சி மதிப்பெண் மிகக் குறைவு. சீட்டு விலையும் அதற்கேற்பவே. அக்கரையில் ஒரு தேநீர்க்கடையும் சில மரங்களும் வேலித்துண்டுகளால் இன்னொரு களங்கட்டியும் வைத்தனர். அவை நிலையத்திலிருந்து ஐந்து கட்டங்களுக்கு அப்பால் இருந்தமையாற் கணக்கிற் சேரவில்லை. அடுத்த மாதத்திற் பூங்காவின் வருமானம் வீழ்ந்தது. வாடகைப் படகை மூடிவிடலாம் என்று இளையவன் சொன்னான். புகையிரதப் பாதையை அகற்றலாம் என்று இருவரில் எவரும் சொல்லவில்லை.